சாயத்துக்கு முன்னால் உப்பு: பினாங்குக் காற்றில் துப்பாக்கிக்குப் பூச்சு

ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போகிறவர்கள் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. 1603-ஆம் ஆண்டு ஹாலந்தில் வார்க்கப்பட்ட வெண்கலப் பீரங்கி அது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறிக் கடைசியில் 1871-இல் பிரிட்டிஷார் வசமாகிப் பினாங்குக்கு வந்தது. கரையோரக் கடலில் ஏறக்குறையப் பத்தாண்டு மூழ்கிக் கிடந்த பிறகே மேலே தூக்கப்பட்டது. குழந்தை வரம் வேண்டி அதன் குழலில் பூ வைக்கும் வழக்கமும் உண்டு. இத்தனை பட்ட பிறகும் அதற்குச் சாயம் தேவைப்படவில்லை. மேனியெங்கும் பச்சை படிந்து, அந்தப் பச்சையே அதற்குக் கவசமாகிவிட்டது. அதே மதில்மேல் நிற்கும் இரும்புப் பீரங்கிகளின் கதை வேறு. அவற்றுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பூசாமல் சில மழைக்காலம் விட்டால் செதில் செதிலாக உரிந்துவிடும்.

வெண்கலத்தின் பச்சை உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரும்பின் துரு அப்படிப் பற்றுவதில்லை. அது தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பி, பிளந்து, அடியில் இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. பீரங்கியாக இருந்தாலும் தோளில் மாட்டும் துப்பாக்கியாக இருந்தாலும், இரும்புக்குப் பூச்சு என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பினாங்கின் பிறை என்ற ஊரில் தொழிற்சாலைச் சாமான்களுக்குப் பூச்சு அடிக்கும் பட்டறையில் எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. வால்வு, குழாய், இயந்திரக் கூடு என்று கையில் படாத இரும்பு இல்லை. துப்பாக்கி மட்டும் நம் மலேசியாவில் தனிச் சங்கதி. 1960-ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டப்படி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சிறையோடு பிரம்படியும் விதிக்கிறது. ஆகவே துப்பாக்கிக்குச் சாயம் அடிக்க விரும்புகிறவர் தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து தொடங்கக் கூடாது. உரிமம் பெற்ற கடையிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கடையில் வேலை செய்யும் நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கூப்பிட்டார். "ஒரு சாயம் உரிகிறது, வந்து பார்த்துக் காரணம் சொல்லுங்கள்" என்றார்.

மேசைமேல் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி கிடந்தது. நிபோங் திபால் பக்கம் செம்பனை போட்டிருக்கும் பெரியவர் ஒருவருடையது. காட்டுப்பன்றி விரட்டுவதற்காக உரிமம் எடுத்திருந்தார். யாரோ ஒருவர் வன்பொருள் கடையில் விற்கும் டப்பாச் சாயத்தைப் பீய்ச்சி அடித்துக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. குழலின் கீழ்ப்புறம், இடது கை தாங்கிப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினேன். தோல் போலச் சாயம் கழன்று வந்தது. அடியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கட்டை விரல் ரேகை! வளைவு வளைவாக, கோடு கோடாக, கைநாட்டு வைத்ததுபோலத் துரு பிடித்திருந்தது. சாயம் அடிப்பதற்கு முன் வெறுங்கையால் குழலைப் பிடித்தவரின் வியர்வை அது.

"தம்பி, நல்ல சாயமாக வாங்கி அடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது இல்லையா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லை ஐயா, எந்தச் சாயம் அடித்திருந்தாலும் இதே இடத்தில் இதே ரேகை வந்திருக்கும்" என்றேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீர வேண்டும் என்போம். சாயத்துக்கு அடியில் நடப்பது எழுத்துக்கு எழுத்து அதுதான். எந்தச் சாயமும் முழுக்க நீர் புகாத சுவர் கிடையாது. ஈரம் மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அடியில் சுத்தமான உலோகம் இருந்தால் அந்த ஈரத்துக்குத் தங்க இடமில்லை, வந்த வழியே போய்விடும். உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக் கரைசலாக்கி, மேலும் மேலும் தண்ணீரை வரவழைக்கும். அந்த அழுத்தத்தில் சாயம் மேலே எழும்புவதே கொப்புளம்.

பினாங்கில் உப்புக்குப் பஞ்சமில்லை. தீவைச் சுற்றிக் கடல், காற்றில் கடல் துளி, நம் உள்ளங்கையில் எப்போதும் வியர்வை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டியதுமே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்குகிறது. இங்கே காலை வேளையில் 85 என்பது சாதாரணம். பூச்சுத் தொழிலில் உலகெங்கும் கடைப்பிடிக்கும் ஒரு விதி உண்டு: சாயம் ஏறும் உலோகத்தின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். 30 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரமும் உள்ள காலையில் பனி படியும் புள்ளி ஏறக்குறைய 27.2 பாகை. இடைவெளி 3-க்கும் குறைவு. அதாவது, நமக்கு வெகு இயல்பான ஒரு காலையில், கொட்டகைக்குள் கிடக்கும் இரும்புத் துண்டு சாயம் வாங்கும் நிலையிலேயே இல்லை. மேல்நாட்டுக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் இந்த ஒரு கணக்கில்தான் கவிழ்கிறார்கள்.

சாயம் என்ற யோசனையே துப்பாக்கிக்குப் பிற்பாடு வந்தது. அதற்கு முன் இருந்தது துருவையே துருவுக்கு எதிராக நிறுத்தும் உபாயம். இரும்பைக் காரச் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கொதிக்கும் தொட்டியில் 140 பாகை வாக்கில் முக்கினால், மேற்பரப்பு மெல்லிய கறுப்பு ஆக்சைடாக மாறும். புளூயிங் என்று சொல்வது இதைத்தான். பார்வைக்கு அழகு, ஆனால் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தன்னளவில் அது காவலில்லை, மேலே எண்ணெய் இருக்கும்வரைதான் காவல். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது. இரு குழல்களையும் சேர்க்கும் ஈயப் பற்றை அந்தக் காரம் தின்றுவிடும், குழல்கள் பிரிந்து வரும். அவற்றுக்கு வேறு முறை உண்டு: வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவழைத்து, கொதிநீரில் அவித்து அதைக் கறுப்பாக்கி, கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்து, மறுபடி துருவ விட்டு, மறுபடி அவித்து, நாள்கணக்கில் செய்யும் வேலை. குளிர்நாடுகளில் அந்தத் துருவை வரவழைக்க ஈரப்பெட்டி கட்டுகிறார்கள். நமக்கு ஊரே ஈரப்பெட்டி.

அடுத்த படி பாஸ்பேட். பாஸ்பாரிக் அமிலத்தில் மாங்கனீசு அல்லது துத்தநாகப் பாஸ்பேட்டைக் கரைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, அதில் இரும்பை ஊறவிட்டால் சாம்பல் நிறத்தில் நுண்ணிய படிகங்கள் வளரும். கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். படிகங்களுக்கு இடையே உள்ள துளைகள் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், சாயத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது குணத்தைப் படைகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷார் சீரமைத்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் பாஸ்பேட்டின்மேல் கறுப்புச் சாயத்தை அடுப்பில் சுட்டு ஏற்றினார்கள். சோவியத் ஏகேஎம் துப்பாக்கியிலும் அதே அடுக்கு: கீழே பாஸ்பேட், மேலே சுட்ட கறுப்புச் சாயம். மலிவாக, மினுக்கமில்லாமல், மழையிலும் சேற்றிலும் நிற்க வேண்டும் என்ற தேவைக்கு இரண்டு எதிரெதிர் முகாம்களும் ஒரே விடையைக் கண்டன. மழைக்காட்டு நாட்டில் வாழும் நமக்கு அந்த விடையில் படிக்க நிறைய இருக்கிறது.

இன்று கடைகளில் பேசப்படுவது செராமிக் துகள் கலந்த பாலிமர் பூச்சுகள். செராகோட் அவற்றில் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் எச் வரிசை இரண்டு பாகமாக வரும். கலந்து அடித்து, 121 பாகையில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். அடுப்பே தேவைப்படாத சி வரிசையும் உண்டு, ஆனால் முழுதாக இறுக ஐந்து நாள் எடுக்கும். டூராகோட் என்ற இன்னொன்றும் சூடு கேட்காது, முழு வலுவை அடைய வாரக்கணக்கில் பொறுமை கேட்கும். கன்-கோட் என்பது இன்னும் சூடாக, 160 பாகை வாக்கில், ஒரு மணி நேரம் சுடப்படுவது. இவற்றில் எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுப்பு இருக்கிறதா, பொருள் எவ்வளவு சூடு தாங்கும், எங்கே உரசப் போகிறது என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்தால் தேர்வு தானாகவே அமைந்துவிடும். பெரியவரின் துப்பாக்கியில் ஈயப் பற்று இருந்தது. வழக்கமான வெள்ளீய-ஈயப் பற்று 183 பாகையில் உருகத் தொடங்கும். 121 பாகைப் பூச்சு போதிய இடைவெளி தருகிறது, 160 எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிவெடுக்க அது போதும்.

தடிமன் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சுகளின் சரியான தடிமன் 25 மைக்ரான் வாக்கில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று உரசும் இரு பரப்புகளிலும் பூசினால் இடைவெளியில் 50 மைக்ரான் போய்விடும். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவுதான். ஆகவே துப்பாக்கியில் சாயம் என்பது எங்கே பூசுவது என்பதைவிட எங்கே பூசக் கூடாது என்ற அறிவு. குழலின் உட்புறம், தோட்டா அறை, விசையின் கொக்கிப் பரப்புகள், சுருள்வில்கள், மரையிட்ட இடங்கள் எல்லாவற்றையும் அடைத்தோ மறைத்தோ விட வேண்டும். தோட்டா அறையில் படிந்த சாயம் உயிருக்கு ஆபத்து. இன்னொன்று: பதிவு எண்ணும் முத்திரையும் சாயத்தால் மூடிப்போகக் கூடாது. உரிமத்தில் உள்ள எண்ணைத் துப்பாக்கியில் படிக்க முடியாமல் போனால், பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வில்லங்கம்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். வேலையில் பத்துக்கு எட்டுப் பங்கு சாய டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் எண்ணெய். பல ஆண்டு பழகிய துப்பாக்கியின் இடுக்குகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். மேலே துடைத்தால் போனதுபோலத் தெரியும், அடுப்புச் சூடு பட்டதும் கசிந்து வெளியே வந்து புதுச் சாயத்தில் மீன்கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும். எனவே அசிட்டோனில் ஊறவைத்து எடுத்த பிறகு, சாயமில்லாமலே 150 பாகையில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். இடுக்கில் மிச்சமிருப்பது அப்போது வியர்த்து வெளியே வரும். வந்தால் மறுபடி ஊறல், மறுபடி சூடு. வருவது நிற்கும்வரை விடக் கூடாது. பெரியவரின் துப்பாக்கிக்கு மூன்று முறை ஆனது, இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையின் அடியிலிருந்து கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. அந்த வேலையைச் செய்தவர் உரிமக்கடைக்காரர், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அடுத்தது மணல் வீச்சு, அதாவது அழுத்தக் காற்றால் துகள்களை வீசி இரும்பின் மேற்பரப்பைச் சுரண்டுவது. பெயர்தான் மணல், உண்மையில் மணல் பயன்படுத்தக் கூடாது. கடற்கரை மணலில் உப்பு, எந்த மணலிலும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசு. அலுமினிய ஆக்சைடு அல்லது கார்னெட் துகள், 100 என்ற பருமனில், போதும். கண்ணாடி மணிகளும் உதவாது, அவை உருண்டையாக இருப்பதால் பரப்பைத் தட்டி வழவழப்பாக்கிவிடும். சாயத்துக்கு வேண்டியது கூரிய முனைகள் கீறிய மேடுபள்ளம். அந்தப் பள்ளங்களில்தான் அது வேர்பிடிக்கிறது. வீசும் காற்றிலும் கவனம் வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறக்குறைய 25 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. கம்ப்ரசர் அதை நெருக்கிப் பிழியும்போது தண்ணீராகவே குழாயில் ஓடும். உலர்த்தியும் வடிகட்டியும் இல்லாத கம்ப்ரசரால் சாயம் அடிப்பது, சாயத்தோடு தண்ணீரையும் அடிப்பதாகும்.

ஒரு காட்சியை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மணல் வீசி முடித்த இரும்பு வெள்ளி போன்ற மங்கிய வெண்மையில் இருக்கும். அதன்மேல் அசிட்டோன் தோய்த்த துணியால் ஒரு முறை இழுத்தால் ஈரம் நொடியில் ஆவியாகிப் பளிச்சென்று காயும். காய்ந்த அடுத்த கணம், கண்ணாடியில் ஊதியதுபோல மெல்லிய மூட்டம் படர்ந்து மறையும். அசிட்டோன் ஆவியாகும்போது இரும்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, இரும்பு குளிர்ந்து பனிப் புள்ளிக்குக் கீழே இறங்குகிறது, காற்றிலுள்ள தண்ணீர் அதன்மேல் படிகிறது. சுத்தம் செய்த கையே தண்ணீரைப் பூசிவிட்டது! மூட்டம் கண்ணுக்கு மறைந்ததும் பலர் உடனே சாயம் அடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: துடைத்த பொருளை அடுப்பில் வைத்துக் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்வரை சூடேற்றி எடுத்து அடியுங்கள். 40 பாகை இருந்தால் பினாங்கின் எந்தக் காலையும் அதன்மேல் பனி வைக்க முடியாது. மணல் வீச்சுக்கும் சாயத்துக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்று போய், திரும்பி வந்தபோது இரும்பு மஞ்சளித்துக் கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மணல் வீச்சுக்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ரேகையின் கதைதான் தெரியுமே.

சுடும்போது பார்க்க வேண்டியது உலோகத்தின் வெப்பம், அடுப்புக் காற்றின் வெப்பமில்லை. குழலின் அடிப்பகுதி தடித்தது, சூடேற நேரம் எடுக்கும். கடிகாரத்தை அது சூடேறிய பின்புதான் தொடங்க வேண்டும். இந்த வேலைக்குப் பயன்படும் அடுப்பில் பிறகு எந்நாளும் சமைக்கக் கூடாது. இரண்டு பாகமாக வரும் சாயங்கள் பலவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளியளவுகூடத் தாங்காது. மருத்துவமனைகளில் அணியும் துணி முகக்கவசம் இதற்குப் போதாது. சாயத்துக்குரிய முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் இதைச் செய்யச் சொல்லி எந்த முதலாளி சொன்னாலும் மறுத்துவிட வேண்டும்.

அலுமினிய உடல் கொண்ட துப்பாக்கிகளுக்குத் துரு என்ற தொல்லை இல்லை. ஏற்கெனவே 50 மைக்ரான் வாக்கில் கடின ஆனோடைசிங் (மின்சாரத்தால் வளர்த்த ஆக்சைடுப் படலம்) இருக்கும், அதைச் சிதைக்காமல் லேசாகக் கீறி மேலே பூசினால் போதும். பிளாஸ்டிக் பகுதிகளை அடுப்பில் வைப்பதற்கு முன் தாங்கும் சூட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மரக்கட்டைக்கு இந்தச் சாயமே வேண்டாம், எண்ணெய்தான் அதற்கு உறவு.

பீரங்கிக்கு இந்தக் கணக்குகள் பெரும்பாலும் பொருந்தாது. அது அசைவதில்லை, உரசுவதில்லை, ஆகவே தடிமனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கடலோர இரும்புக்குத் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு, நடுவில் எபாக்சி, மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் என்று மொத்தம் 250 மைக்ரானுக்கு மேல் ஏற்றுவது இன்றைய வழக்கம். கோட்டை ஓரத்தில் 1882-இல் எழுப்பிய இரும்புக் கலங்கரை விளக்கம் கப்பல் பாய்மரம் போல 21 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே, அதுவும் இந்தக் காற்றில்தான் நிற்கிறது. ஆனால் வார்ப்பிரும்பில் வேறொரு சிக்கல் உண்டு. அதன் உடலுக்குள் கிராஃபைட் என்ற கரித் துகள்கள் கலந்திருக்கின்றன. காலப்போக்கில் உப்பு அந்தத் துகள்களின் இடுக்கு வழியே ஆழத்துக்குப் போய்விடும். மேலே சுரண்டிச் சாயம் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பு சும்மா இருக்காது. காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியே இழுக்கும் பொறுமை வேண்டும். 1804-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் செங்கல்லால் எழுந்த கோட்டை அது. நம் முன்னோர் வியர்வை விழுந்த இடம் என்ற நினைப்போடுதான் நான் அங்கே போவேன். அங்கே நிற்கும் இரும்பு அந்தப் பொறுமைக்கு உரியது. ஆண்டுதோறும் பழைய சாயத்தின்மேல் புதுச் சாயம் ஏற்றுவது புண்ணுக்குப் புனுகு பூசுவது போன்றது.

பெரியவரின் துப்பாக்கி அடுப்பிலிருந்து வெளியே வந்ததும், வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுப் பார்வைக்குப் படாத ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார் கடைக்காரர். துணியில் நிறம் ஏறவில்லை, சாயம் முழுதாக வெந்துவிட்டது. எடுத்துப்போக வந்தவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். துணி உறைக்குள் மூடி வைக்க வேண்டாம், உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குள் போகும்போது கையில் தடவும் கொசு விரட்டி மருந்து காய்வதற்கு முன் துப்பாக்கியைத் தொட வேண்டாம், டீட் என்ற மருந்து சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். அவர் இரண்டாவதைக் கேட்டு வியந்தார். இத்தனை நாளும் அவர் தடவியது அதைத்தான்.

மூன்று மழைக்காலம் கழித்து உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் அதைக் கடையில் மறுபடி பார்த்தேன். கொப்புளம் எங்கும் இல்லை. குழலைப் பிடிக்கும் இடத்தில், திருமண மோதிரம் உரசும் ஓரிடத்தில் மட்டும், அரிசியளவு சாயம் தேய்ந்து வெறும் இரும்பு மின்னியது. அந்த ஒரு புள்ளியில் வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்டு வைப்பதாகப் பெரியவர் சொன்னார்.